இறங்க மறுத்த மின்னோட்டம்

விளக்கை அணைத்து இருபது நிமிடம் ஆகிவிட்டது. கம்ப்யூட்டர் திரையில் ஓடிக்கொண்டிருந்த கோடு கொஞ்சம் சரிந்தது, பிறகு பிடிவாதமாக அப்படியே நின்றது. ஒளி இல்லை. ஆனால் ஒளி இருக்கும்போது ஓடிய மின்னோட்டத்தில் பாதிக்கு மேல் இன்னமும் ஓடிக்கொண்டிருந்தது.

"வெளிச்சம் எங்கனா உள்ள பூருதா பாரு," என்றேன்.

லேபில் என்னோடு இருந்த பெண் நாராயணவனத்துக்காரி. முழுநேர ஆராய்ச்சி மாணவி, என்னைவிட ஏழெட்டு வயது சின்னவள். அவள் வீட்டிலும் தமிழ்தான் என்பதால் நாங்கள் இருவரும் மட்டும் இருக்கும்போது தெலுங்கை வாசலிலேயே விட்டுவிடுவோம். அவள் சாதனத்தை மூடி வைத்திருந்த பெட்டியைச் சுற்றி வந்து, மூடியின் இடுக்கில் எல்லாம் கறுப்புத் துணியைத் திணித்தாள். ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள். டியூப் லைட்டையும் நிறுத்தினாள்.

"இப்ப இன்னா அக்கா?"

"அப்படியேதான் போய்க்கினு இருக்குது."

இது திருப்பதியில், பல்கலைக்கழக இயற்பியல் துறையின் மாடியில் நடந்தது. ஆந்திரா இரண்டாகப் பிரிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. நான் சித்தூரில் ஒரு தனியார் இன்டர்மீடியட் காலேஜில், அதாவது பிளஸ் டூ பிள்ளைகளுக்கு, பிசிக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை மட்டும் விடுப்பு வேண்டும் என்று பிரின்சிபாலிடம் மூன்று முறை எழுதிக்கொடுத்து, ஆறு நாள் பாடத்தை ஐந்து நாளில் முடித்துவிடுகிறேன் என்று ஒப்புக்கொண்டு, பகுதிநேர பிஎச்.டி.யில் சேர்ந்திருந்தேன். சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் ஏறி, முடி இறக்கப் போகிற தலைகளுக்கு நடுவில் இரண்டு மணி நேரம் நின்றுகொண்டே போவேன். மாலை ஐந்தரைக்கு லேபைப் பூட்டிவிடுவார்கள். எனக்கு ஒரு வாரம் என்பது அந்த ஏழு மணி நேரம்தான். அதில் ஒரு நாளை முழுக்க ஒரு கோடு இறங்குவதற்காகக் காத்திருந்து கழிப்பது என்றால் எனக்கு எப்படி இருந்திருக்கும்?

நாங்கள் செய்தது ஒளியை உணரும் ஒரு சின்ன சாதனம். போன் கேமராவுக்குள் இருப்பதும் அடிப்படையில் இதே வேலையைத்தான் செய்கிறது. ஒளி பட்டால் மின்னோட்டம் ஏற வேண்டும், ஒளி போனால் இறங்க வேண்டும். எங்கள் சாதனத்தில் கேமராவில் இருப்பதுபோல சிலிக்கான் அந்த வேலையைச் செய்யவில்லை. மாலிப்டினம் டைசல்ஃபைடு என்கிற, பென்சில் கரி மாதிரிப் பளபளக்கும் ஒரு கனிமத்தின் செதில்தான் செய்தது. நான்கைந்து அணுப் படலம்கூட இருக்காது, அவ்வளவு மெல்லியது. ஸ்டேஷனரிக் கடையில் வாங்கும் சாதாரண ஒட்டுநாடாவைக் கனிமத்தின் மேல் ஒட்டிப் பிய்த்து, மறுபடி மடித்து ஒட்டிப் பிய்த்து, அதைச் சிலிக்கான் தகட்டின் மேல் அழுத்தி எடுக்க வேண்டும். தகட்டின் மேலே கண்ணாடி மாதிரி ஒரு ஆக்ஸைடு பூச்சு இருக்கும். மைக்ராஸ்கோப்பில் வைத்துத் தேடினால், ஊதாப் பின்னணியில் மங்கலான நீலத்தில் ஒரு செதில் தெரியும். தெரிந்தால். மாதத்துக்கு ஒன்று தேறினால் பெரிய விஷயம்.

பிறகு அதன் இரண்டு பக்கமும் தங்க முனை வைக்க வேண்டும். அதற்கான எந்திரம் எங்களிடம் இல்லை. பெங்களூரில் ஒரு பெரிய நிறுவனத்தில் நேரம் கேட்டு, இரண்டு மாதம் காத்திருந்து, தகட்டை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து மடியில் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் போவேன். பங்காருபாளையத்தில் மாம்பழ சீசனில் லாரிகள் ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்கும். பஸ் அரை மணி நேரம் நகராது. சுற்றிலும் பழுத்த வாசனை. எனக்கு மட்டும் அந்த டப்பாவைத் தவிர வேறு எதுவும் நினைவில் இருக்காது.

இத்தனைக்கும் பிறகு கிடைத்த சாதனம்தான் விளக்கை அணைத்தால் கேட்கமாட்டேன் என்றது.

முதலில் வயரைச் சந்தேகப்பட்டோம். மாற்றினோம். பிறகு அளக்கும் கருவியை. பக்கத்து டிபார்ட்மென்டில் கெஞ்சி அவர்கள் கருவியைக் கொண்டுவந்து வைத்தோம். பிறகு பச்சை எல்.இ.டி.யை. நான்கு சனிக்கிழமைகள் இப்படிப் போயின. ஐந்தாவது சனிக்கிழமை எங்கள் கைடு சார் வந்து பார்த்தார்.

சார் ரிட்டையர்மென்டுக்கு மூன்று வருடம் வைத்திருந்தவர். நல்ல மனிதர். எனக்கு வீட்டில் தமிழ் என்று தெரிந்தும் தெலுங்கில்தான் பேசுவார், கோபம் வந்தால் இங்கிலீஷ். அவர் திரையைப் பார்த்தார், ஒரு தாளில் கணக்குப் போட்டார், முகம் மலர்ந்துவிட்டது.

"அம்மா, இது எவ்வளவு பெரிய நம்பர் தெரியுமா? இவ்வளவு கொஞ்சம் ஒளிக்கு இவ்வளவு கரண்டு! ஒரு துளி ஒளிக்கு ஆயிரக்கணக்கில் எலக்ட்ரான் வருகிறது."

"ஆனால் சார், அணைத்தால் இறங்கவில்லை."

"அதை அப்புறம் பார்க்கலாம். முதலில் இதை எழுது."

அந்த அப்புறம்தான் எனக்கு மூன்று வருடத்தைத் தின்றது.

காரணம் புரிய இரண்டு மாதம் ஆயிற்று. சித்தூரில் வகுப்புகளுக்கு நடுவில், ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து, படித்ததையெல்லாம் திரும்பத் திரும்பப் படித்தேன். ஒளி விழுந்தால் செதிலில் ஒரு எலக்ட்ரான் எழுந்து ஓடும். அது இருந்த இடம் காலியாகும், அந்தக் காலி இடத்தைத் துளை என்பார்கள். துளையும் நேர்மின் சுமைபோல நகரக்கூடியதுதான். எலக்ட்ரான் ஒரு தங்க முனைக்கும், துளை மறு முனைக்கும் போய்விட்டால் கணக்கு முடிந்தது, மின்னோட்டம் நின்றுவிடும். எங்கள் செதிலில் துளைகள் போய்ச் சேரவில்லை. செதிலில் இருக்கும் குறைகளிலும், கீழே ஆக்ஸைடு தொடும் இடத்திலும் அவை மாட்டிக்கொண்டன. துளை அங்கே இருக்கும்வரை அதைச் சமன்செய்ய எலக்ட்ரான் தேவை. ஒன்று ஒரு முனையில் வெளியே போனால், மறு முனையிலிருந்து இன்னொன்று உள்ளே வரும். அது போனால் அடுத்தது. ஒரே ஒரு துளைக்காக ஆயிரம் எலக்ட்ரான்கள் சுற்றிச் சுற்றி வரும்.

ஆகவே சாருடைய பெரிய நம்பரும் என்னுடைய இறங்காத கோடும் ஒன்றுதான். ஒன்றை வைத்துக்கொண்டு இன்னொன்றை விட முடியாது.

இதை நான் போர்டில் எழுதிக் காட்டியபோது நாராயணவனத்துப் பெண் டீ கிளாஸோடு நின்று பார்த்தாள்.

"அப்ப நம்புளுது கேமராவா வச்சா இன்னா ஆவும்?"

"ஒரு போட்டோ எடுத்தா, அடுத்த போட்டோவுலயும் அதே ஆள் நிப்பான்."

அவள் சிரித்து டீயைச் சிந்திவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டில் நானும் என் மாமியாரும்தான். கணவர் குவைத்தில் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவர் படித்த மிஷன் நர்சிங் பள்ளியில் அவரோடு படித்தவர்களில் பாதிப் பேர் அப்படித்தான் போயிருந்தார்கள். அத்தைக்கு என் படிப்பின் மேல் மரியாதை உண்டு, அது என்ன என்பதுதான் தெரியாது. சனிக்கிழமை வந்து செருப்பைக் கழற்றும்போதே கேட்பார்:

"கரண்டு எறங்குச்சா?"

"இல்ல அத்தை."

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில், பெண்கள் ஐக்கியத்தில், "என் மருமகளுக்குக் கரண்டு இறங்க வேண்டும் ஆண்டவரே" என்று வாய்விட்டு ஜெபித்துவிட்டார். கூட்டம் முடிந்ததும் மூன்று பேர் என்னிடம் வந்து, தங்கள் வீட்டிலும் இந்த மாதம் பில் அநியாயமாக வந்திருப்பதாகச் சொன்னார்கள். நான் மறுக்கவில்லை. விளக்கிச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

கட்டுரை எழுதும்போதுதான் சாருக்கும் எனக்கும் முட்டிக்கொண்டது. நான் எழுதிய வரைவில் இரண்டு படங்கள் இருந்தன: ஒளி பட்டதும் ஏறுவது ஒன்று, அணைத்த பிறகு ஒரு மணி நேரம் வரை எடுத்தது இன்னொன்று. அவர் இரண்டாவது படத்தை எடுத்துவிட்டார்.

"சார், எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று போடாமல் எப்படி?"

"கேட்டால் சொல்லலாம்மா."

"கேட்காமலே சொல்ல வேண்டியது இல்லையா?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நீ பார்ட் டைம். உனக்கு வேலை இருக்கிறது. இந்தப் பெண்ணுக்குப் பெயர் வந்தால்தான் வெளிநாட்டில் எடுப்பார்கள். அதையும் யோசி."

அந்தப் பெண் அறையின் அந்தப் பக்கம் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவே இல்லை. நான் மேலே பேசவில்லை. பேசியிருக்க வேண்டும். கட்டுரை ஒரு படத்தோடு போயிற்று.

பதில் வர ஐந்து மாதம். அதற்குள் அவளுக்கு, வேறொரு ஆராய்ச்சியை வைத்தே, தைவானில் இடம் கிடைத்துவிட்டது. கிளம்பும் முன் லேபுக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னிக்கு நான் வாயத் தொறந்திருக்கணும் அக்கா."

"வுடு. ஒழுங்கா துன்னு, ஒடம்பப் பாத்துக்கோ."

அவள் போன இரண்டாவது வாரம் பத்திரிகையிலிருந்து கடிதம் வந்தது. பெயர் தெரியாத இரண்டு மதிப்பீட்டாளர்கள் எங்கள் கட்டுரையைப் படித்திருந்தார்கள். முதல் ஆள் இரண்டே வரி எழுதியிருந்தார்: இவ்வளவு பெரிய உணர்திறன் வந்தால் சாதனம் மெதுவாகத்தான் இருக்கும், அந்த நேரம் எங்கே? அளந்து காட்டாமல் இதை ஏற்க முடியாது.

சார் கடிதத்தை மேசைமேல் போட்டார். "Measure it and send," என்றார். இங்கிலீஷ்.

நான் அளந்துதான் வைத்திருந்தேன். ஆனால் அவர்கள் காற்றிலும் வெற்றிடத்திலும், வெவ்வேறு ஒளி அளவிலும் கேட்டார்கள். சாதனத்தை மறுபடி பெட்டியில் வைக்க வேண்டியிருந்தது. அன்று லேபில் யாரும் இல்லை. நான் பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழுந்து, கையில் மாட்ட வேண்டிய எர்த் பட்டையை மாட்டாமல், இடுக்கியை நீட்டினேன். ஒன்றும் தெரியவில்லை. சத்தம் இல்லை, பொறி இல்லை. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் செதில் இருந்த இடத்தில் ஒரு கருப்புப் பொட்டு. என் சேலையில் சேர்ந்திருந்த மின்சாரம் போதும் அதற்கு. லேபுக்குப் புதிதாக வரும் பெண்களுக்கெல்லாம் பட்டை மாட்டச் சொல்லிக் கத்துகிறவள் நான்.

அன்று பஸ்ஸில் சந்திரகிரி தாண்டும்வரை அழுதேன். பக்கத்தில் இருந்த அம்மாள் லட்டுப் பையிலிருந்து ஒரு துண்டு உடைத்துக் கொடுத்தார், என்ன ஏது என்று கேட்காமல். வாங்கித் தின்றேன்.

வெள்ளிக்கிழமை கணவர் போன் செய்தபோது சொன்னேன். வீடியோவில் அவர் முகம் நின்று நின்று வந்தது.

"இங்க இண்டியன் ஸ்கூல்ல பிசிக்ஸ் டீச்சருக்கு ஆள் கேக்கறாங்கமா. எம்.எஸ்சி. போதும். எதுக்கு இந்த ரோதனை?"

"நடுவுல வுட்டுட்டு வரச் சொல்றீங்களா?"

"நாலு வருசமா நடுவுலதானே இருக்கற?"

போனை வைத்துவிட்டேன். அடுத்த இரண்டு வெள்ளிக்கிழமைகள் அத்தைதான் பேசினார். கணவர் சொன்னதில் தப்பு இருந்திருந்தால் எனக்கு அவ்வளவு கோபம் வந்திருக்காது.

புது சாதனத்துக்கு எட்டு மாதம். ஒட்டுநாடா, ஊதாப் பின்னணி, பெங்களூர், மாம்பழ லாரிகள், எல்லாம் மறுபடி. இந்த முறை சோதனையை ஒழுங்காகத் திட்டமிட்டேன். ஒவ்வொரு அளவுக்கும் விளக்கை அணைத்து ஒரு மணி நேரம் காத்திருப்பது. ஒரு சனிக்கிழமைக்கு நான்கைந்து அளவுகள்தான் கிடைக்கும். மே மாதம். மின்வெட்டு வேறு. யு.பி.எஸ். அளக்கும் கருவிக்கு மட்டும், மின்விசிறிக்கு இல்லை.

ஒரு சனிக்கிழமை ஐந்தேகால் மணி இருக்கும். கடைசி அளவு பாதியில் இருந்தது. கோடு வழக்கம்போலப் பாதியில் தொங்கிக்கொண்டிருந்தது. வாட்ச்மேன் இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டார். எனக்கு அலுத்துவிட்டது. போகட்டும் என்று அளவை நிறுத்தினேன். அடுத்த வாரத்துக்கு வேண்டிய வேறொரு சோதனையை இப்போதே ஓட்டிவிடலாம் என்று கேட் வோல்டேஜைக் கொடுத்தேன். தகட்டின் அடிப்பக்கத்திலிருந்து கொடுக்கிற அழுத்தம் அது, செதிலில் எவ்வளவு எலக்ட்ரான் இருக்க வேண்டும் என்பதை அதை வைத்து ஏற்றி இறக்கலாம். மைனஸிலிருந்து பிளஸ்ஸுக்குப் போய், திரும்ப பூஜ்யத்துக்கு வந்தது. மின்னோட்டத்தைப் பார்த்தேன்.

இறங்கியிருந்தது. காலையில், ஒளி படுவதற்கு முன் இருந்த அதே அளவு.

மறுபடி சாதனம் போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். விளக்கைப் போட்டேன், ஏறியது. அணைத்தேன், தொங்கியது. கேட்டில் பிளஸ் பக்கம் மட்டும் ஒரு நொடிக்கும் குறைவாக வோல்டேஜ் கொடுத்து ஒரு தட்டு. விழுந்தது. மறுபடி. மறுபடி. எலக்ட்ரான்களைக் கும்பலாக உள்ளே இழுத்தால், மாட்டிக்கொண்ட துளைகளை அவை நிரப்பிவிடுகின்றன. மாட்டிக்கொண்டது நீங்கினால் மின்னோட்டம் நிற்கிறது. நேரம் முடிந்துவிட்டது என்று வாட்ச்மேன் சாவியை ஆட்டிக்கொண்டு நின்றார்.

"மேடம், டைம் ஐயிந்தி."

"பத்தே நிமிஷம்ணா, பத்தே நிமிஷம்!" என்று தமிழிலேயே கத்தினேன். அவருக்குப் புரிந்தது.

வீட்டுக்குப் போனதும் அத்தை கேட்கும் முன்பே சொன்னேன்: "எறங்கிடுச்சி அத்தை." அவர் அடுப்பை நிறுத்திவிட்டு, இரண்டு கைகளையும் கூப்பி ஸ்தோத்திரம் சொன்னார். குவைத்துக்கு நானே போன் செய்தேன். இரண்டு நாள் தரையில் கால் படவில்லை.

திங்கட்கிழமை மாலை தைவானுக்கு எல்லாப் படங்களையும் அனுப்பினேன். அவள் உடனே பேசினாள். குரலில் ஏதோ இருந்தது.

"அக்கா, ரொம்ப நல்லா வந்துக்குது. ஆனா..."

"சொல்லு."

"இத முன்னாடியே பண்ணிட்டாங்க அக்கா. இங்க வந்தப்புறந்தான் எனக்கே தெரியும். கேட்ல ஒரு பல்ஸ் குடுத்து துடைக்கறது. நாம ஆரம்பிச்சதுக்கு முன்னாடியே எழுதிக்கிறாங்க."

அது வெளியான பத்திரிகை எங்கள் பல்கலைக்கழகத்துக்கு வருவதில்லை. நான் படித்த கட்டுரைகளில் அது அடிக்குறிப்பாக வந்திருந்தது. போய்த் தேடினேன், இருந்தது. நானே இரண்டு வருடம் முன்பு பென்சிலில் கோடு போட்டிருந்த பக்கத்தில், கோட்டுக்கு இரண்டு வரி கீழே. நான் அந்த அடிக்குறிப்பு எண்ணைத் தேடிப் போகவில்லை. யாரையும் குற்றம் சொல்ல வழியில்லாத கோபம் இருக்கிறதே, அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்றே தெரியவில்லை. வகுப்பில் பையன்கள் மேல் எரிந்து விழுந்தேன்.

சார் அதை லேசாக எடுத்துக்கொண்டார். "அவர்களைக் குறிப்பிட்டு நாமும் எழுதலாம். யார் வேண்டாம் என்றது?" என்றார். இந்த முறை நான் விடவில்லை. எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்பது கட்டுரையின் முதல் பத்தியிலேயே இருக்க வேண்டும் என்றேன். அவர் "சரி, உன் இஷ்டம்," என்றார். பெரிய பத்திரிகை எதுவும் எடுக்கவில்லை. ஒரு சின்னப் பத்திரிகையில் வந்தது. நாங்கள் மூன்று பேர், என் பெயர் முதலில்.

வைவாவுக்கு வெளியூரிலிருந்து வந்த பேராசிரியருக்கு ரயில் பிடிக்க வேண்டியிருந்தது. நாற்பது நிமிடத்தில் முடித்துவிட்டார். துளைகள் மாட்டிக்கொள்ளும் அத்தியாயத்தை ஒரே புரட்டில் தாண்டிப் போனார். கேட் அத்தியாயத்தில் மட்டும் நின்று, "இது தெரிந்ததுதானே?" என்று கேட்டார். ஆமாம் சார் என்றேன். வாழ்த்துகள் என்றார்.

காலேஜ் வாசலில் ஃபிளெக்ஸ் வைத்தார்கள், என் பெயருக்கு முன்னால் டாக்டர் போட்டு. அட்மிஷன் சமயம் அது. அடுத்த மாத டைம்டேபிளில் சனிக்கிழமை எனக்கு ஐந்து வகுப்புகள் போட்டிருந்தார்கள். போய்க் கேட்டேன். "ரிசர்ச்தான் முடிந்துவிட்டதே மேடம்," என்றார் பிரின்சிபால். அவர் கிண்டல் செய்யவில்லை, உண்மையாகவே சொன்னார்.

நான் குவைத்துக்குப் போகவில்லை. அவர்தான் கான்ட்ராக்ட் முடிந்து வந்துவிட்டார். இப்போது வேலூரில் வேலை, தினமும் போய் வருகிறார். அந்த நான்கு வருடத்தைப் பற்றி நாங்கள் அதிகம் பேசுவதில்லை.

தீசிஸில் நான் எழுதாத ஒன்று உண்டு. கேட்டில் தட்டினால் மே மாதத்தில் மின்னோட்டம் சுத்தமாக இறங்கியது. ஐப்பசி மழை தொடங்கியதும் அதே சாதனம், அதே தட்டு, முழுதாக இறங்கவில்லை. கொஞ்சம் மிச்சம் நின்றது. மூன்று சனிக்கிழமைகள் பார்த்தேன், மூன்றிலும் அப்படியே. காற்றிலிருக்கும் ஈரம் செதிலின் மேல் உட்கார்ந்து புதிதாக ஏதோ செய்கிறது என்பது என் ஊகம். வெற்றிடப் பெட்டியில் வைத்து, ஈரத்தை அளவாக விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். பம்ப் அந்த மழையில் பழுதாகி, ரிப்பேருக்குப் போனது வரவில்லை. அதற்குள் சமர்ப்பிக்கும் தேதி வந்துவிட்டது.

இதை யாராவது அதற்குள் செய்து எழுதியிருக்கலாம். தேடிப் பார்க்க ஒரு மணி நேரம் போதும். இன்னும் தேடவில்லை.